ஊர்வல வண்டியின் இரண்டாவது சத்தம்

மன்னார்புரம் ஸ்தனிஸ்லாஸ் மேஸ்திரியைப் பற்றி ஊரில் உலவிய கதைகளை அள்ளிப் போட்டால் ஒரு லாரி நிறையும். மனிதர் நீளமான திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு நுனியை இஞ்சின்மேல் வைத்தால் போதுமாம். உள்ளே தேய்ந்து கிடக்கிற பல்சக்கரம் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி அழுமாம். வையம்பட்டியில் ஒரு லாரி புறப்பட்டால், இவர் மன்னார்புரத்தில் டீ குடித்தபடியே, "பின் சக்கரத்துல ஒரு நட்டு லூசு. மணப்பாறை தாண்டாது" என்பாராம். தாண்டாதாம். சாக்கடையில் விழுந்த ஸ்பேனரின் சத்தத்தை வைத்தே அது எத்தனாம் நம்பர் என்று சொன்னதாகச் சத்தியம் பண்ண டீக்கடையில் எப்போதும் ஆள் இருந்தது.

ஷெட்டின் மூலையில் ஸ்டூல் போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அவர் மனைவி பேட்ரிசியா இதையெல்லாம் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருப்பாள். அந்தக் கதைகளில் பாதியை அவிழ்த்து விட்டதே அவள்தான். டீக்கடைக்காரர் சம்சாரத்திடம் காலையில் ஒரு வரி சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் அது பொன்மலை வரைக்கும் போய், கைகால் முளைத்து, மீசையும் வைத்துக்கொண்டு திரும்பி வரும்.

அவள் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்தனிஸ்லாஸுக்குக் காது கேட்காது.

பிறவியிலேயே இல்லை. சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. யாரோ பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடு ஆறாமல் ஊற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் உலகம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டப் போய்விட்டது. பேச்சு நன்றாகப் பழகிய பிறகு கெட்ட காது என்பதால் பேச்சுக்குப் பழுதில்லை. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். கல்யாணத்தன்று மேலப்புதூர் மாதா கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது மாப்பிள்ளை தலையைக் குனிந்திருந்தார். தோழன் விலாவில் இடித்த பிறகுதான் பதில் வந்தது. பெண் வீட்டார் அதை வெட்கம் என்று மெச்சினார்கள். பேட்ரிசியாவும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தாள். ஒரு நாள் அவர் முதுகுக்குப் பின்னால், "என்னங்க, பால் பொங்குது பாருங்க" என்று கத்தினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. மனிதர் பேப்பரை மடித்துப் பக்கம் திருப்பினார்.

"ஏங்க முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்தனம் அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

காதின் வழி அடைபட்டுப் போயிருந்ததே தவிர, உள்ளே நரம்பு செத்துப்போகவில்லை. பல்லில் கடித்த இரும்பு வழியாக ஏறுகிற சத்தம் அவர் மண்டைக்குள் கோயில் மணி மாதிரி கேட்கும். அதனால் நின்ற இடத்தில் ஓடுகிற இஞ்சினைப் பற்றி ஊர் சொன்ன கதையில் பொய் கொஞ்சம்தான். சங்கடமெல்லாம் ஸ்டியரிங் வேலையில். ஸ்டியரிங் சத்தம் ஒரு தினுசான சத்தம். வண்டி ஓடும்போது, அதுவும் திரும்பும்போது, பாரம் சக்கரத்தின்மேல் சாயும்போது மட்டும் வரும். ஷெட்டுக்குள் நிறுத்தி ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால், விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொள்ளும். ஒரு தடவை ஸ்தனிஸ்லாஸ் ஓடுகிற காரிலேயே திருப்புளியைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங் தண்டின்மேல் நுனியை வைத்துப் பார்த்தார். ரயில்வே கேட்டில் வண்டி தூக்கிப் போட்டது. முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது.

அதோடு அந்த வேலையைப் பேட்ரிசியா எடுத்துக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கு முன் கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவள். முப்பது பேர் பாடுகையில் ஒருத்தி சுருதி இறங்கினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஒருத்தியை மட்டும் திரும்பிப் பார்ப்பாளாம். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு பேர் பாட்டை விட்டார்கள். அப்பேர்ப்பட்ட காது. சத்தம் என்று ஒரு வண்டி வந்தால், ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு, "ஜங்ஷன் பக்கமாத்தானே ஓட்டிப் பாக்கப் போறீங்க? காய் வாங்கணும், நானும் வரேன்" என்று பின் சீட்டில் ஏறிவிடுவாள். திரும்பி வந்ததும் மேஸ்திரி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவள் பக்கத்தில் போய் நிற்பாள். புடவைக் கொசுவம் மறைத்துக்கொள்ள, அவர் காலை மிதிப்பாள்.

இடது பாதத்தை மிதித்தால் இடது சக்கரம். வலது என்றால் வலது. விரல் நுனியால் மிதித்தால் கீச்சுச் சத்தம், எங்கோ கிரீஸ் வறண்டிருக்கிறது. குதிகாலால் அழுத்தினால் டொக்கென்று வருகிற சத்தம், ஏதோ மூட்டு ஆட்டம் கொடுத்திருக்கிறது. மேஸ்திரி அடியிலிருந்து கணீரென்று, "எடது பக்கம் கிங்பின் சார்!" என்பார். வண்டிக்காரர் அசந்துபோவார். மிதிப்பதைக் கண்டுவிட்ட டீக்கடை ஆட்கள், "பொண்டாட்டி மிதிச்சாத்தான்யா மேஸ்திரிக்கு வேலை ஓடுது" என்று சிரித்தார்கள். "உங்க வீட்டுல மிதிக்க ஆளில்லாத வயித்தெரிச்சல்" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒருத்தருக்கு ஒருத்தர் காதும் கையுமாக எழுபதுகளின் பெரும்பகுதி இப்படியே ஓடியது.

கெட்டது ஒரு நல்ல காரியத்தில் தொடங்கிற்று. கோயிலில் நடந்த இலவச முகாமில் பேட்ரிசியா சொல்லிவைத்து ஒரு காது மிஷின் வாங்கி வந்தாள். சட்டைப் பையில் தீப்பெட்டியை விடப் பெரிதாக ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தார். தெருவில் போகிற ஐஸ்காரன் மணியைக் கேட்டு முகம் மலர்ந்தது. உடனே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இத மாட்டிக்கிட்டு ஷெட்டுல நின்னா நாளைக்கு ஒரு வண்டி வராது."

"வராட்டிப் போகுது. எத்தனை வருஷத்துக்குங்க நான் உங்க காலை மிதிச்சிக்கிட்டு நிக்கிறது? கண்ட டிரைவரோட கார்ல ஊர் சுத்துறாள்னு வேற பேசுறாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "மிதிக்க வேணாம். நீ இல்லாமலே நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார். சொன்னபடியே அதற்குப் பிறகு வந்த வண்டிகளைப் பல்லாலேயே பார்த்தார். ஒன்றிரண்டு தேறவும் செய்தன. அதில் ஒரு வீறாப்பு ஏறிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான், எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாத முகூர்த்தத்தில், உறையூர் ரத்தினவேலின் ஊர்வல வண்டி வந்து சேர்ந்தது.

ஊர்வல வண்டி என்றால் கல்யாண மாப்பிள்ளையைப் பூவால் மூடி உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிற வண்டி. ஏதோ ஜமீனில் ஏலத்துக்கு வந்த பழைய அமெரிக்க கார், கூரையை மடக்கிவிடலாம், வெண்ணெய் நிறம், நீளத்துக்கு ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம். ரத்தினவேலே ஓட்டுவார். ஊர்வலம் நடை வேகத்தில் போகும் என்பதால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். நின்றும் நிற்காமலும் ஸ்டியரிங்கை முறுக்கி முறுக்கி முன் சக்கரத்து மூட்டுகள் மற்ற வண்டிகளைவிட ரெட்டிப்பாகத் தேயும். போதாததற்குப் பூ வாடாமல் இருக்கத் தெளிக்கிற தண்ணீர் வேறு மட்கார்டு வழியாக இறங்கித் துருவேற்றும்.

ரத்தினவேல் வியர்த்துப்போய் இறங்கினார்.

"மேஸ்திரி, மானம் போச்சு. ஸ்ரீரங்கத்துல இன்னிக்குச் சாயங்காலம் ஜானவாச ஊர்வலம். காலையில வண்டியக் காட்டப் போனேன். வடக்குச் சித்திரை வீதி முனையில திருப்புறேன், 'ஊ'ன்னு ஒரு சத்தம். பொண்ணு வீட்டுப் பெரியவர் காதைப் பொத்திக்கிட்டு, 'வண்டி அழறதே ஐயா! இதுலயா மாப்பிள்ளைய உக்காத்தி வெக்கறது?'ங்கறாரு. சாயங்காலத்துக்குள்ள அழுகைய நிறுத்தலேன்னா வேற வண்டி வச்சிப்பாங்க. அப்புறம் எவன் என் வண்டியக் கூப்பிடுவான்? அழுவுற வண்டின்னு பேர் ஆயிடும்."

சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்ற பேட்ரிசியா அந்தப் பக்கம் பார்க்காமல் கேரியரை வைத்தாள். ஸ்தனிஸ்லாஸும் அவளைப் பார்க்கவில்லை. திருப்புளியைக் கடித்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். ரத்தினவேலை ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரத்தினவேல் பார்க்காத சமயத்தில், வாசல் பக்கமாகக் கண்ணைக் காட்டினார். அவள் ஒயர்கூடையை எடுத்துக்கொண்டாள்.

ஜங்ஷன் பக்கம் போய்த் திரும்பி வந்தார்கள். இடது பாதம், விரல் நுனி. மேஸ்திரி, சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் ஏற்றினார். பழைய கிரீஸ் கட்டியாகி, துருவோடு சேர்ந்து செங்கல் பொடி மாதிரி வெளியே வந்தது. கிரீஸ் கன் கையில் இருக்கும்போதே மற்ற மூட்டுகளுக்கும் பிதுங்கப் பிதுங்க ஏற்றிவிட்டார். அது அவர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வண்டி மறுபடி வெளியே போனது. ரவுண்டானாவில் முழுசாக முறுக்கித் திருப்பியபோது அழுகை இல்லை. ரத்தினவேல் ஸ்டியரிங்கை முத்தமிடாத குறை.

பின் சீட்டில் இருந்த பேட்ரிசியாவுக்கு அப்போதுதான் கேட்டது. அழுகை நின்றதால் அதற்கு அடியில் கிடந்த இன்னொன்று வெளியே வந்தது. வலது பக்கம், முறுக்கிய சக்கரத்தை நேராக்கும்போது, ஒரே ஒரு 'டொக்'. பல்லி சொல்வது மாதிரி மெலிதாக. கிரீஸுக்குள் புதைந்து வந்ததால் இன்னும் மெலிதாக.

"அண்ணே, இன்னொரு வாட்டி திருப்புங்க."

"எதுக்குத் தங்கச்சி? காய்க்கடை அந்தப் பக்கமா?"

"ஆமாண்ணே."

இன்னொரு தடவையும் அதே 'டொக்'.

ஷெட்டில் அப்போது இரண்டு டாக்ஸிக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மேஸ்திரி மறுபடி அடியில் படுத்திருந்தார். அவள் போய் அவருடைய வலது பாதத்தைக் குதிகாலால் அழுத்தினாள். உள்ளே அவர் திருப்புளி நுனியை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற வலது பக்க டைராடு மூட்டில் வைத்து, ரத்தினவேலை ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னார். அப்போதுதான் ஏற்றிய கிரீஸ் அந்த மூட்டில் மெத்தை போட்ட மாதிரி நிறைந்திருந்தது. கிழிந்துபோன ரப்பர் உறையும் கிரீஸுக்குள் மறைந்திருந்தது. பல்லுக்கு ஒன்றும் வரவில்லை. மூட்டின்மேல் ஒரு விரலை வைத்திருந்தால் விரலுக்கே ஆட்டம் தெரிந்திருக்கும். அவர் பல்லை நம்பினார்.

"வேற ஒண்ணுமில்ல. எடுத்துட்டுப் போங்க."

அவள் மறுபடி அழுத்தினாள், இந்த முறை பலமாக. ஸ்தனிஸ்லாஸ் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பேட்ரிசியா வெறும் தரையில் குதிகாலை ஊன்றியபடி நின்றாள். மேஸ்திரி அந்தப் பக்கமாக வெளியே வந்தார். ரத்தினவேல் சாவியைத் திருப்பினார். இரண்டு டாக்ஸிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சத்தம் இருக்கிறது என்று இப்போது வாயைத் திறந்தால், மேஸ்திரி இல்லை என்கிறாரே என்பார் ரத்தினவேல். எனக்குக் கேட்கிறது என்றால், அவருக்கு ஏன் கேட்கவில்லை என்பார்கள். அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னால், அவள் ஊட்டி வளர்த்த கதைகளெல்லாம் அந்த இடத்திலேயே செத்துவிழும். ஷெட்டும் அதோடு போகும்.

"அண்ணே..." என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"மெதுவாப் போங்க."

"ஊர்வலத்துல எவன் தங்கச்சி வேகமாப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே ரத்தினவேல் வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. ஸ்ரீரங்கத்து வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுகிறவை. ஒரு சுற்றுக்கு நாலு முனை, நாலு முறுக்கு. முதல் மூன்று முனையிலும் வண்டி அழவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினாராம். நாலாவது முனையில் முறுக்கிய சக்கரத்தை நேராக்கும்போது வலது பக்க மூட்டின் உருண்டை அதன் கிண்ணத்தைவிட்டுக் கழன்று விழுந்தது. ஒரு சக்கரம் ஒரு திசை, இன்னொன்று வேறு திசை. கையில் ஸ்டியரிங் சும்மா சுற்றியதில் ரத்தினவேல் விதிர்த்துப்போய்க் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். பாதி மிதியில் அடங்கிக் கிடந்த அந்தப் பெரிய வண்டி ஒரே தாவாகத் தாவியது.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தலையில் சும்மாடு வைத்து மண்ணெண்ணெய் காஸ் லைட்டு சுமந்து வந்தவர் காத்தான். மட்கார்டு அவரை ஒரு வீட்டுச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. விளக்கு அவர்மேலேயே உடைந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

மாப்பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. சகுனம் சரியில்லை என்று பரிகாரம் செய்து, விடிந்ததும் குறித்த முகூர்த்தத்திலேயே தாலி கட்டினார்கள்.

செய்தி மறுநாள் மன்னார்புரத்துக்கு வந்தபோது ஸ்தனிஸ்லாஸ் டாக்ஸி ஒன்றின் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் சொல்லி முடிக்கும் வரை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒனக்கு நெசமாக் கேட்டுச்சா?"

"ரெண்டு வாட்டி கேட்டுச்சு."

"வலது பக்கமா?"

"வலது பக்கம்தான். அதான் ரெண்டு வாட்டி மிதிச்சேன்."

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அப்புறம், "யார்ட்டயும் சொல்லிடாத பேட்ரீ" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த ஞாயிறு அவள் பூசைக்குப் போகவில்லை.

இதற்குள் ஊரில் வேறொரு கதை பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தது. லைட்டு தூக்கினவன் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து வண்டிக்கு முன்னால் விழுந்தானாம். அவனைத் தவிர்க்கப்போய்த்தான் வண்டி சுவரில் இடித்ததாம். இடித்த வேகத்தில்தான் மூட்டு கழன்றதாம். ரத்தினவேல் ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். கதை எப்படிக் கால் முளைத்து ஓடும் என்று பேட்ரிசியாவைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் சம்சாரம் அதைத் தன்னிடமே வந்து சொன்னபோது அவள் ஆய்ந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார், மூட்டைக் கழற்றிக் காட்ட மேஸ்திரி வர வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வழக்கம்போலப் பேட்ரிசியாவும் கூடப் போனாள். அந்நிய ஆட்கள் கூடுகிற இடத்தில் அவள் இல்லாமல் அவருக்குச் சமாளிப்பது கஷ்டம்.

ஸ்டேஷன் வாசலில் பூ காய்ந்து ஒட்டிக்கிடக்க வண்டி நின்றது. பக்கத்துப் புங்கமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காத்தானின் சம்சாரம் காளியாயி என்று ஏட்டு சொன்னார். "புருஷன் குடிச்சிருந்தான்னு ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வைன்னா வைக்க மாட்டேங்குது. தெனம் வந்து உக்காந்துக்குது."

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து சக்கரத்தைக் கழற்றினார். தொங்கிய மூட்டைத் துடைத்து எடுத்தார். அவருக்கு எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பேட்ரிசியாவுக்கும் அவர் தோள் தொங்கியதிலேயே தெரிந்துவிட்டது. உருண்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து, நெல்லிக்காயைக் கடித்து வைத்த மாதிரி இருந்தது. கிண்ணத்தின் விளிம்பு பிளேடு போல மெலிந்திருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "மேஸ்திரி, அனுபவஸ்தர் நீங்க சொல்லுங்க. தேய்ஞ்சிருக்குங்கறது எனக்கும் தெரியுது. ஆனா எப்பக் கழண்டுது? இடிச்சதால கழண்டுதா, கழண்டதால இடிச்சுதா?"

ரத்தினவேல் கைகளைக் கட்டிக்கொண்டு மேஸ்திரியையே பார்த்தார்.

"இடிச்சதுலதான் சார் கழண்டுருக்கு" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "அதுக்கு முந்தி நான் பாத்துத்தான் அனுப்பினேன். சத்தம் எதுவும் இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். புங்கமரத்தடியிலிருந்து காளியாயி எழுந்து வந்தாள். ஆண்களைக் கேட்கவில்லை. பேட்ரிசியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களும் பொம்பள, சொல்லுங்கம்மா. தலையில நெருப்ப வச்சிக்கிட்டு எவனாச்சும் குடிப்பானா? லைட்டு தூக்குற அன்னிக்கு அவரு பச்சத்தண்ணிகூட அளந்துதாம்மா குடிப்பாரு, ஒண்ணுக்குப் போவ லைட்ட இறக்க முடியாதுன்னு. நான் அவரு வாயில மூக்க வச்சி மோந்து பாத்தேன். மண்ணெண்ண வாசம்தான் இருந்துச்சு. இவங்க குடிகாரன்னு எழுதச் சொல்றாங்க."

பேட்ரிசியா கணவரைப் பார்த்தாள். அவர் காளியாயியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே எல்லாம் தெரிந்துதான் நின்றார். அவருடைய கண் மெல்லத் திரும்பி இவள்மேல் வந்து நின்றது. வேண்டாம் என்று சொன்னது.

"குடிக்கலம்மா" என்றாள் பேட்ரிசியா.

"தங்கச்சி, நீ சும்மா இரு" என்றார் ரத்தினவேல்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. சார், எழுதறத நிறுத்துங்க. வலது பக்கம் சத்தம் இருந்துச்சு. திருப்பி நேராக்கறப்ப டொக்குன்னு வந்துச்சு. நான் கேட்டேன். இந்த அண்ணனையே இன்னொரு வாட்டி திருப்பச் சொல்லிக் கேட்டேன். கழண்டதாலதான் சார் இடிச்சுது."

"நீ கேட்டியா? மேஸ்திரி சத்தம் இல்லேங்கறாரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்குக் காது கேக்காது சார். கல்யாணத்துக்கு முந்தியே கேக்காது. இத்தனை வருஷமா வண்டிச் சத்தத்த நான்தான் கேட்டுச் சொல்றேன். அன்னிக்கும் சொன்னேன். அவர் ஏத்துக்கல. ஏத்துக்கலேன்னு தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டேன்."

அவள் பக்கவாட்டில் நின்று பேசியதால் ஸ்தனிஸ்லாஸுக்கு அவள் உதடு தெரியவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர், ஏட்டு, ரத்தினவேல், எல்லாரும் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய காதுகளைப் பார்த்தார்கள். அவருக்குப் புரிந்துபோயிற்று.

காளியாயி கையை நீட்டினாள். பேட்ரிசியா அந்தத் தேய்ந்த உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

குடிகாரன் என்ற வார்த்தையை அடித்துவிட்டு வேறு எழுதினார்கள். கோர்ட்டில் கேஸ் இழுத்துக்கொண்டே போனது. ரத்தினவேல் வண்டியைக் காயலான் கடைக்காரருக்கு விற்றார். அடுத்த தை மாத முகூர்த்தத்தில் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு போகும்போது, லைட்டு சுமந்த வரிசையில் காளியாயியும் போனதைப் பேட்ரிசியா கண்டாள். தலையில் சும்மாடு, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் வண்டியிலிருந்து ரொம்பத் தள்ளி நடந்தாள்.

ஷெட்டுக்கு வண்டி வருவது ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். எல்லாரும் ஸ்தனிஸ்லாஸிடம் கத்திப் பேசினார்கள். வாயைப் பிளந்து, ஒவ்வொரு எழுத்தாக, பைத்தியக்காரனிடம் பேசுகிற மாதிரி. அப்படிக் கத்தும்போது உதடு கோணிக்கொள்ளும். முன்னெல்லாம் அவருக்குச் சுலபமாகப் புரிந்துகொண்டிருந்ததுகூட இப்போது புரியாமல் போயிற்று. டீக்கடை ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அதற்கும் ஆள் வரவில்லை. எண்பதில் அவர் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு அரிசி மில்லில் இயந்திரம் பார்க்கும் வேலைக்குப் போனார். அங்கே மோட்டார் ஓடினால் முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை எல்லாரும் செவிடுதான். அந்த ஒரு இடத்தில் அவர் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தார்.

வீட்டில் அவர் பேட்ரிசியாவைத் திட்டவில்லை. கை நீட்டவில்லை. சம்பளத்தை மேஜைமேல் வைத்தார், போட்டதைச் சாப்பிட்டார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வந்தார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்ப்பதில்லை. அவள் பேச வாயெடுத்தால் பார்வையைச் சுவருக்கோ தட்டுக்கோ திருப்பிக்கொள்வார். காது கேட்கிற புருஷன் கோபித்துக்கொண்டால் பெண்டாட்டி அடுப்படியிலிருந்தே நாலு வார்த்தை உரக்கச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவளுக்கு அந்த வழியும் இல்லை. அவர் பார்க்காத வரைக்கும் அவள் சொல்லுவதெல்லாம் காற்றோடு போயிற்று.

முதல் வருஷம் அவள் முன்னால் போய்ப் போய் நின்று பார்த்தாள். தாடையைப் பிடித்துத் திருப்பியும் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு லூர்துராணி ஒரு தடவை மனசு கேட்காமல், "ஏன்க்கா, அன்னிக்கு ஸ்டேஷன்ல வாயத் தொறக்காம இருந்திருக்கலாமே?" என்றாள்.

"தொறக்காம இருந்துதாண்டி ஒரு உசுரு போச்சு" என்றாள் பேட்ரிசியா. "நான் அன்னிக்கு ஷெட்டுலயே தொறக்க வேண்டியத நாலு நாள் கழிச்சுத் தொறந்தேன். அதுக்கு இது."

எண்பத்தாறில், மில்லிலிருந்து சைக்கிளில் வரும்போது பின்னால் வந்த லாரியின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. லாரிக்காரன் கீழே குதித்து, எத்தனை தடவை அடித்தேன் என்று அழுதானாம். சாவுச் செய்தி சொல்ல வந்தவர்கள் வாசலில் நின்று, அவரிடம் பேசிய பழக்கத்தில், பேட்ரிசியாவிடமும் கத்தித்தான் பேசினார்கள்.

"மெதுவாவே சொல்லுங்க" என்றாள் அவள். "எனக்குக் கேக்கும்."